பிளாஸ்டிக் சிப்புக்குப் பயந்தவன்

சீட்டுப் போடுகிறவன் ஜெயிப்பதுமில்லை, தோற்பதுமில்லை; ஆனால் ஆட்டம் முடியும்போது சட்டை நனைந்திருப்பது அவனுக்குத்தான். சம்பளத்துக்காகப் பயத்தை மறைத்துச் சிரித்துக்கொண்டே நின்றவர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் கொடைக்கானல்காரன். கரீபியன் தீவொன்றில் கடற்கரை விடுதியின் கேசினோவில் நான்கு வருடம் சீட்டுப் போடும் டீலராக இருந்தேன்.

கனடாத் தம்பதி

யாழ்ப்பாணத்துக்காரர்கள், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்கள். என் சட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இருவர் முகமும் மலர்ந்தது. மறுநாள் மத்தியானம் கணவர் மட்டும் ஈர டவுசரோடு வந்து, "பத்து நிமிஷம்" என்று உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் கழித்து மனைவி காலில் மணலோடு தேடி வந்தார். என் பக்கம் குனிந்து, "தம்பி, இவருக்கு இனிச் சீட்டுப் போடாதேங்கோ" என்றார். தலைக்கு மேல் கேமரா, முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளர். ஆட வந்தவருக்கு மறுக்க எனக்கு அதிகாரமில்லை. காது கேட்காதவன் மாதிரி போட்டுக்கொண்டே இருந்தேன். பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்பில் கடைசியும் போய் அவர் எழுந்த பிறகு அந்தம்மா சொன்னார்: "எங்கட ஆக்கள் எண்டு நினைச்சன் தம்பி."

பெருமாள்மலையில் கேசினோ

ஊர் திரும்பியதும் பெருமாள்மலைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் விருந்தினர்களுக்கு 'கேசினோ ஈவினிங்' நடத்த வேண்டும். எல்லாம் பிளாஸ்டிக் சிப். பணம் கிடையாது, ஜெயித்தவருக்கு ஒரு டப்பா ஹோம்மேட் சாக்லேட். 'பணம் வைத்து ஆடக் கூடாது' என்று நானே போர்டு எழுதி மாட்டினேன். ஆனாலும் வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே போலீசோ என்று எட்டிப் பார்ப்பேன். ரூம் சுத்தம் செய்யும் ஸ்டெல்லா அக்கா ஒரு நாள் என் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஊரே ஸ்வெட்டர் போட்டுக் கெடக்கு, ஒங்களுக்கு மட்டும் எப்படிங்க வேர்க்குது?"

காணாமல் போன சிவப்பு சிப்

ஒருமுறை இருபது சிவப்பு சிப் குறைந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த மூன்று நண்பர்கள் மேல் சந்தேகம். அவர்கள் காட்டேஜ் கதவைத் தட்டினேன். உள்ளே படுக்கை மேல் சீட்டுக்கட்டு, என் சிவப்பு சிப், நடுவில் பந்தயமாக ஒரு கார் சாவி. "சார், இது தெரிஞ்சா என் சோலி முடிஞ்சிருங்க" என்று கெஞ்சினேன். சிப்பை எல்லாம் கூட்டி அள்ளி என் கையில் கொடுத்துவிட்டு, அதில் மூத்தவர் அன்பாகவே சொன்னார்: "எடுத்துட்டுப் போங்கண்ணே, எங்ககிட்ட பிஸ்கட் இருக்கு."

மொட்டை

பழனியில் முடியிறக்கிவிட்டு அன்றே மலையேறி வந்த குடும்பம். கணவர் தலையில் சந்தனம்கூடக் காயவில்லை. சாயங்காலம் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் உட்கார்ந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் கையிலிருந்த சிப் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். மகள் மூன்று தடவை "அப்பா" என்றாள், திரும்பவே இல்லை. மனைவி கதவோரம் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கரண்ட் போகப் போகுதாம் சார், ஆட்டம் முடிஞ்சுது" என்று பொய் சொல்லிச் சீட்டை வாரினேன். அவர் மேஜையைத் தட்டிக் கத்தினார். மேனேஜரிடம் போனார். எல்லார் முன்னாலும் எனக்குத் திட்டு. வேலை போய்விட்டதென்றே ரிசப்ஷனில் நின்றிருந்தேன். அவர் மனைவி மட்டும் வந்தார். மேனேஜரைப் பார்த்து, "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சீட்ட விட்டதுக்குத்தாங்க இந்த மொட்டையே."

மேனேஜர் மேஜையை எடுத்துவிட்டார், என்னை எடுக்கவில்லை. ஆனாலும் நிஜப் பணம் புரண்ட நான்கு வருடத்தில் வராத ரத்தக்கொதிப்பு, சாக்லேட் டப்பாவுக்குச் சீட்டுப் போட்ட எட்டே மாதத்தில் வந்துவிட்டது.