பழைய குறிப்பு அழியாது என்றேன்

பையோடு, தீவின் கராச்சர்மா பகுதியிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். போன ஊர்களில் கோடிங்கை அரைகுறையாகக் கற்றேன். நான் தங்கியிருந்த வீட்டு அக்கா, மகனுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் போனில் ஒரு செயலியில் குறித்துவைப்பார். கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கும் டாக்டர் அந்தக் குறிப்புகளைக் கேட்டிருந்தார். அவரைப் பார்க்க மறுநாள் அவர்களுக்குக் கப்பல்.

குறிப்புகளைத் தேதிவாரியாக அடுக்க, அந்தச் செயலிக்கு நானாகவே ஒரு பிளகின், அதாவது ஒரு துணை நிரல், எழுதினேன். அதை எழுதியது அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்த, ஃபங்ஷனல் என்ற வகை நிரல் மொழியில். அந்த மொழியில் எதை மாற்றினாலும் புதிய பிரதிதான் உருவாகும், பழையது அப்படியே இருக்கும். அதை நம்பி, அக்காவிடமும் அப்படியே சொல்லிவிட்டு, நகல் எடுக்காமல் ஓட்டினேன். அந்த விதி மொழிக்குள் மட்டும்தான். போனிலிருந்த கோப்பின் மேல் என் பிளகின் வெற்றுப் பட்டியலை எழுதிவிட்டது; குறிப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அரே தம்பி, பழசு எங்கயும் போகாதுன்னியே?"

"தப்பு பண்ணிட்டேன்க்கா."

அவர் திட்டவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, "பொங்கலன்னைக்கு ரெண்டு தடவ" என்று நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். நான்காவது வரியில் பேனா நின்றது. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிற்க முடியாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த நாள் காலை, அவர்கள் கப்பலேறும் நேரத்தில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கை தவறினால், விழுந்ததைக் குனிந்து எடுத்துவிடலாம்.