மூன்று நிறக் கடிதம்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பளவைச் சொல்லிவிடுவாள் டேப்பக்கா. பத்தொன்பது வருஷம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் கழுத்தில் அளவு டேப்போடு நின்றவள். கம்பெனியை இழுத்து மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். இவள் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த வாரமே வேறு வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அது ஓர் ஆராய்ச்சி வேலை. தாய்க்கும் பிள்ளைக்கும் உடல் பருமன் வராமல் தடுக்க என்ன வழி என்று மூன்று வருஷம் கண்காணித்துப் பார்ப்பது. அதற்கு எடுத்துக்கொண்டது, லிஃப்ட் இருந்தும் ஓடாத பன்னிரண்டு அடுக்குக் கட்டடங்களை. சுற்றிலும் காய்கறிக் கடை கிடையாது. பொரித்த தின்பண்டம் விற்கும் கடைகள் ஏழு. படித்த பிள்ளைகள் படிவத்தோடு வந்து கதவைத் தட்டினால் உள்ளே டிவி சத்தம் குறையும். அவ்வளவுதான், கதவு திறக்காது. டேப்பக்கா தட்டினால் திறக்கும். "குண்டா இருக்கிற நீங்க எங்களுக்குப் புத்தி சொல்றீங்களா?" என்று யாராவது கேட்டால், "நானும் உங்க கட்சிதான். அதான் என்னை அனுப்பியிருக்காங்க. ஏறுங்க மெஷின்ல" என்பாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, இடுப்பு. பிள்ளைகளை அளப்பது பள்ளிக்கூடத்தில். அளவு என்ன ஆயிற்று என்று ஒரு கடிதம் பிள்ளையின் பையில் வைத்து வீட்டுக்குப் போகும். முதலில் அதில் வளைவு வளைவாக ஒரு படம் இருந்தது. டேப்பக்காதான், ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவின் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்: "இந்தப் படம் எனக்கே புரியல டாக்டர். தாளையே மூணு நிறமா அடிங்க. பச்சைன்னா சரி, மஞ்சள்னா கவனி, சிவப்புன்னா வந்து பாரு. சிக்னல் மாதிரி." டாக்டரம்மா கை தட்டினாள். இரண்டாவது சுற்றின் முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள் அச்சாகத் தாமதமாகி, மூன்றாவது சுற்று தொடங்கும் சமயத்தில் மூன்று நிறத்தில் போயின.

அந்தச் சுற்றில் ஒன்பதாவது மாடிச் சலவைக்கூடத்துக்காரி பிடிகொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் இடத்தில் வேலை, கணவன் இல்லை, ஒன்பது வயதில் ஒரே மகள். மகளை அளக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். இரண்டு தரம் போயும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் தரமும் திறக்காவிட்டால் "மறுத்துவிட்டார்" என்று குறித்துப் பெயரை எடுத்துவிடலாம் என்பது விதி.

மூன்றாம் தரம் கதவு திறந்தது.

"என்னக்கா வேணும்? இன்னொரு லெட்டரா?"

டேப்பக்கா ஒன்றும் சொல்லுமுன் அவள் சமையலறையிலிருந்து மகளின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திறந்து காட்டினாள். காலையில் வைத்த ரொட்டி வைத்தபடியே இருந்தது.

"இருபது நாளா இப்படித்தான் திரும்பி வருது. கேட்டா பசிக்கலைங்கறா. ஸ்கூல் பஸ்ல பசங்க பையைப் பிடுங்கி அந்த லெட்டரை எடுத்துக் காட்டி ஆடியிருக்காங்க. சிகப்பு லைட்டுன்னுதான் இப்ப அவளுக்குப் பேரு. அவ ஏறினா பஸ் நிக்கணுமாம்." குரல் உடையவில்லை, கோபத்தில் தடித்திருந்தது. "எந்த மகராசிக்கு வந்துச்சோ இந்த நிறம் போடுற யோசனை."

"எனக்குத்தான்" என்றாள் டேப்பக்கா.

சலவைக்கூடத்துக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீங்களே அதைச் சரி பண்ணுங்க" என்று கதவைச் சாத்தினாள்.

ஒன்பது மாடி இறங்குவதற்குள் டேப்பக்கா தன்னைத் தானே திட்டி முடித்துவிட்டாள். அதற்கு மேல் அதில் நேரம் செலவழிப்பது அவள் வழக்கமில்லை. நேரே அலுவலகம் போய், நடந்ததைச் சொல்லி நிறக் கடிதத்தை நிறுத்தச் சொன்னாள்.

டாக்டரம்மா நல்லவள்தான், ஆனால் ஆராய்ச்சிக்காரி. "சுற்று பாதி முடிஞ்சிருக்கும்மா. நடுவுல முறையை மாத்தினா முன்னதோட பின்னதை எப்படி ஒப்பிடறது?"

"அளக்கிற முறையை மாத்தச் சொல்லலை டாக்டர். வீட்டுக்கு அனுப்புறதைத்தான்."

"ஒரு பிள்ளைக்காகவா?"

"ஒண்ணுதான்னு யார் சொன்னா? நமக்குத் தெரிஞ்சது ஒண்ணு." டேப்பக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, ஒண்ணுன்னே வைங்க. மதியம் சாப்பிடாம அந்தப் பொண்ணு ரெண்டு கிலோ இறங்கிடுது. நம்ம கணக்குல அது எங்க போய் விழும்? ஜெயிச்ச பக்கத்துலதானே?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். பிறகு ஃபோனை எடுத்து, அச்சகத்துக்குப் போகவிருந்த கடிதங்களை நிறுத்தச் சொன்னாள்.

சிவப்புத் தாள் போன வீடுகள் முப்பத்திரண்டு. நான்கு நாளில் டேப்பக்கா அத்தனை படியும் ஏறி இறங்கினாள். மூட்டு கெஞ்சியது, காதில் போட்டுக்கொள்ளவில்லை. திறக்காத டப்பா இன்னும் நான்கு வீட்டில் இருந்தது. இனி அளவு விவரத்தைத் தாயிடம் நேரில், வாயால்தான் சொல்வது என்று முடிவாயிற்று. அதைச் சொல்ல அவள் மறுபடியும் ஒன்பதாவது மாடிக்குப் போனாள்.

இந்தத் தடவை கதவைத் திறந்தது மகள். தாய் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தாளுக்கு நிறம் போடச் சொன்னது நான்தான் கண்ணு. தப்பு பண்ணிட்டேன். இனிமே நிறம் கிடையாது, பையில லெட்டரும் கிடையாது."

மகள் யோசித்தாள். "சரி. ஆனா இது பஸ்ல இருக்கிறவங்களுக்கு யார் சொல்றது?"

டாக்டரம்மாவின் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி அது.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள் டேப்பக்கா.

மறுநாள் ஏழே காலுக்கு அவள் நிறுத்தத்தில் நின்றாள். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் அவள் அளந்திருக்கிறாள். அதனால் ஏறுவதில் சிக்கல் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரலில் சொன்னாள்: "கலர் லெட்டர் கண்டுபிடிச்ச ஆள் நான்தான். அது முட்டாள்தனமான யோசனை. பேர் வெச்சுக் கூப்பிடணும்னா என்னை வெச்சுக் கூப்பிடுங்க. நல்ல பெரிய உடம்பு, எத்தனை பேர் வேணும்னாலும் தாங்கும்."

பின் சீட்டில் ஒரு பொடியன், "அப்ப ரயில்வே கேட்னு கூப்பிடலாமா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. மகளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டுதான்.

மாலை ஃபோன் வந்தது.

"பாதி சாப்பிட்டிருக்கா" என்றாள் சலவைக்கூடத்துக்காரி. "ஆனா அளக்கிறதுக்கெல்லாம் இந்தத் தடவை அனுப்ப மாட்டேன். சொல்லிட்டேன்."

"அனுப்பாதீங்க. நானும் கேக்க மாட்டேன்."

"அடுத்த தடவை பாக்கலாம். அவ சரின்னா."

ஃபோனை வைத்துவிட்டு டேப்பக்கா அந்த வீட்டின் படிவத்தை எடுத்தாள். அளக்காததற்குக் காரணமாக அதில் மூன்று கட்டங்கள் அச்சாகியிருந்தன: மறுத்துவிட்டார், வீட்டில் இல்லை, இடம் மாறிவிட்டார். மூன்றையும் விட்டுவிட்டு, கீழே ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டாள். பக்கத்தில் "எங்கள் தவறு" என்று எழுதி, கட்டத்துக்குள் டிக் அடித்தாள்.