ஈரத்துணி சுற்றிய மூடி

அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் மூடி இருக்கிறது. குடை போலக் கவிந்தது. உச்சியில் உருண்டைப் பிடி. பிடியைச் சுற்றி ஆறு துளைகள். ஐந்து நேராக இருக்கும். ஒன்று கோணல். அப்பா போய் ஏழு வாரம் ஆகிறது. நேற்றுவரை அதை யாரும் தொடவில்லை.

அப்பா ஓட்டலில் வேலை பார்த்தார். தங்கியிருப்பவர்களின் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை. ஏழு மாடி, நூற்று நாற்பது அறை. அங்கே தங்குபவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். "முன்னூத்தி ரெண்டுக்குத் தொண்டை கட்டியிருக்கு, சூப் கேக்குது" என்பார்கள். வேலை செய்பவர்களுக்கும் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். சமையல்காரர் இடி. பாத்திரம் விழுந்தால்கூட அவர் குரல்தான் முதலில் கேட்கும். அப்பா, மூடி.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சமையலறையிலிருந்து ஆறாம் மாடி அறைக்குத் தட்டு போய்ச் சேர ஒன்பது நிமிடம் ஆகும். வேலையாட்களுக்கு இருந்தது ஒரே லிப்ட். அதில் பாதி நேரம் அழுக்குப் படுக்கைவிரிப்பு வண்டி நிற்கும். மற்றவர்கள் மூடியைக் கவிழ்த்துவிட்டு, வந்தது வரட்டும் என்று காத்திருப்பார்கள். அப்பாவால் முடியாது. ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, மூடியும் தட்டும் சேருகிற இடத்தில் இறுக்கிச் சுற்றுவார். ஆவி ஒரு பொட்டு வெளியே போகாது. அறைக்குள் போய், துணியைப் பிரித்து, மூடியைத் தூக்குவார். குப்பென்று ஆவி கிளம்பும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் ஆறு மாடி ஏறினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அடுத்து உடனே குனிந்து முள்கரண்டியை நேராக்குவார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருக்கும். டிப்ஸ் கொடுக்கிற கையைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. "கையைப் பாத்தா கொடுக்கிறவங்க முகம் சுருங்கிடும். பாக்கலேன்னா மனசுல பட்டதைக் கொடுப்பாங்க." மனதில் ஒன்றும் படாதவர்களும் உண்டு. அவர்களுக்கும் கதவை மெதுவாகத்தான் சாத்துவார்.

அவர் வேலையில் சேர்ந்து அது பத்தொன்பதாம் வருடம். அந்த வருடம் பலருக்கு மனதில் ஒன்றும் படவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அறைகளில் புகார்ச் சீட்டு வைக்கத் தொடங்கியதும் அப்போதுதான். ஒரே மாதத்தில் இரண்டு வந்தது. ஒன்றில் 'சவசவ' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'நமுத்துப்போன மீன்'. இரண்டிலும் அடியில் அப்பாவின் பெயர். மூன்றாவது வந்தால் தரைக்குக் கீழே துணி வெளுக்கிற பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அங்கே சன்னல் கிடையாது. தட்டுவதற்குக் கதவு கிடையாது. டிப்ஸ் கிடையாது. மகளின் பாலிடெக்னிக் கட்டணம் அந்த டிப்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு விளங்காதது ஒன்றுதான். ஆமை என்று ஒருவன் அதே வேலையில் இருந்தான். செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பான், மூடியை ஏனோதானோவென்று வைப்பான். அவன் கொண்டுபோகிற மீன் ஆறிப்போயிருக்கும். அவன் பேரில் ஒரு சீட்டுகூட இல்லை.

"இடி எண்ணெயை மாத்தறதில்ல. வேற ஒண்ணுமில்ல" என்று அப்பா வீட்டில் சொல்வார். இடியிடமும் சொல்வார். அவர் இடிப்பார்.

அப்போதுதான் அறுநூற்றுப் பதினான்கு வந்து தங்கியது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். எதிரே இருந்த ஆஸ்பத்திரியில் கணவருக்கு ஆபரேஷன். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அங்கே பார்வையாளர்களை விடமாட்டார்கள். அந்த நேரத்தில் அறைக்கு வந்து தனியாகச் சாப்பிடுவார். ரொட்டித்தூளில் புரட்டி வறுத்த மீன், உருளைக்கிழங்கு வறுவல், டோஸ்ட். பட்டியலில் அதைவிட மலிவாக ஒன்றும் இல்லை. மூன்று நாள் தட்டு அப்படியே திரும்பி வந்தது. டிப்ஸ் பற்றிப் பேச்சே இல்லை.

நான்காம் நாள், புதன்கிழமை. அப்பா துணியைப் பிரித்தார், மூடியைத் தூக்கினார், ஆவி கிளம்பியது. அந்த அம்மாள் ஆவியைப் பார்க்கவில்லை. மேசையில் புகார்ச் சீட்டு விரித்திருந்தது. பேனாவின் மூடி கழற்றியிருந்தது. மூன்றாவது சீட்டு.

"அண்ணா, இதுல உங்க பேரையும் எழுதணுமா?"

"ஆமா மேடம். கொண்டுவந்தவர் பேர்னு கீழ ஒரு கட்டம் இருக்கும்."

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. சாப்பாட்டு மேலதான்."

"சாப்பாட்டுக்குக் கட்டம் இல்ல மேடம்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் அவருக்கே கொஞ்சம் எரிச்சல்.

"அவர் தினமும் கேக்கிறார், சாப்பிட்டியான்னு. சாப்பிட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. நீங்களே சொல்லுங்க, இதை நீங்க சாப்பிடுவீங்களா?"

"நாங்க தொடக் கூடாது மேடம். கீழ சமையலறையில ருசி பாத்திருக்கேன். அங்க நல்லாத்தான் இருக்கும்."

"நான் கீழ சாப்பிடலையே. இங்க சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா, ஒரு தடவையாவது?"

அப்பா யோசித்தார். பத்தொன்பது வருடம். எத்தனை ஆயிரம் தட்டு. இல்லை.

"ஒரு வாய் சாப்பிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

தங்குபவர்களின் அறையில் உட்காரக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. தள்ளுவண்டியால் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, நின்றபடியே மீனில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார்.

"நல்லா..."

"முழுங்கிட்டுச் சொல்லுங்க."

விழுங்குவது அத்தனை சுலபமாக இல்லை. சூடாக இருந்தது, அதில் குறையில்லை. ஆனால் மேல்தோல் கழன்று நாக்கில் ஒட்டியது. உருளைக்கிழங்கு நனைந்த பஞ்சு. டோஸ்டைத் தூக்கினால் நடுவில் மடிந்தது. அப்பா கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முத்து உருண்டு டோஸ்டின் மேல் சொட்டியது.

"ஞாயித்துக்கிழமை அவரை விட்டுடுவாங்கன்னு சொல்றாங்க" என்றார் அந்த அம்மாள். பேனாவை மூடினார். "போகும்போது எழுதறேன். அதுவரைக்கும் உங்க பாடு."

அன்று சாயங்காலம் அப்பா பையில் அந்த மூடியோடு வீட்டுக்கு வந்தார்.

"ஓட்டல் பாத்திரத்தை எடுத்துட்டு வர ஆரம்பிச்சாச்சா?" என்றாள் அம்மா. "அடுத்து என்ன, கட்டிலா?"

"பேசாம நாலு உருளைக்கிழங்கு வறுத்துக் கொடு."

மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். ஆய்வுக்கூடத்து வெப்பமானி ஒன்று அவள் பையில் இருந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அன்று அது இரண்டாவது திருட்டு. கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது நிமிடம் வைத்தாள். ஈரத்துணி சுற்றி மூடியபோது அறுபத்தொரு டிகிரி, நமுத்துவிட்டது. மூடாமல் வைத்தபோது முப்பத்தெட்டு, முறுமுறுவென்று இருந்தது. அம்மா மூன்றாவது தடவையும் வறுத்தாள்.

"இன்னைக்கு ராத்திரிக்கும் இதேதான். சொல்லிட்டேன்" என்றாள்.

"சூடு வேணுமா, முறுமுறுப்பு வேணுமாப்பா?"

"ரெண்டும் வேணும்."

"அப்போ ஆவி போறதுக்கு மேல வழி விடணும். தட்டைச் சூடு பண்ணிட்டு அதுல வைக்கணும். சில்லுன்னு இருக்கிற தட்டு பாதிச் சூட்டைக் குடிச்சிடுது."

"துணி?"

"துணிதான்ப்பா காரணமே."

அவளுக்கும் அப்பாவின் வேலைக்கும் ஒரே வயது, பத்தொன்பது. விடை சரியா என்று மட்டும் பார்க்கிற வயது. கணக்கு சரியாக வந்தது. அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அம்மா பார்த்திருக்க வேண்டும். தட்டில் இன்னும் இரண்டு துண்டு வைத்து, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கே பாலிடெக்னிக் பட்டறை திறந்துவிட்டது. மகள் மூடியில் துளை போட்டாள். ஆறாவது துளையில் துரப்பணம் வழுக்கியது. அப்பா வாசலில் காத்திருந்தார். கோணல் துளையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காத்துக்குக் கோணல் தெரியாது" என்றார். வாங்கிக்கொண்டு போனார்.

மிச்சமிருந்ததுதான் கஷ்டம். தட்டைச் சூடாக்குவது இடியின் கையில் இருந்தது. அடுப்பின் மேல்பலகை அவர் ராஜ்ஜியம். கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூடியை மறைத்துக்கொண்டு ஏதாவது சாக்கு சொல்லலாம் என்று அப்பா லிப்டுக்கு முன்னால் நின்று யோசித்தார். சாக்கு கிடைக்கவில்லை.

"எண்ணெய் நல்லாத்தான் இருக்குய்யா" என்றார்.

இடி கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன சொன்ன?"

"எண்ணெய்ல குத்தமில்ல. என் துணிதான். ஆவியை உள்ளயே கட்டி வச்சு நனைச்சிருக்கேன்."

"அதாவது, பத்தொன்பது வருஷமா என் உருளைக்கிழங்கைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போயிருக்க."

"ஆமா."

"துவட்டிவிடவும் இல்ல."

"இல்ல."

இடி இந்த நாளுக்காக எத்தனையோ வசவு சேர்த்துவைத்திருந்தார். ஆனால் எதிரே நிற்கிற ஆள் எதிர்த்து நிற்காததால் ஒன்றும் எடுபடவில்லை. மூடியை வாங்கி, துளை வழியாக ஒற்றைக் கண்ணால் அப்பாவைப் பார்த்தார்.

"இது எவன் போட்டான்? ஒண்ணு கோணலா இருக்கு."

"என் பொண்ணு."

"அப்போ நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒரு தட்டை எடுத்து அடுப்பின் மேல்பலகையில் வைத்தார். "மீனைக் கடைசியா போடறேன். நீ லிப்டுக்கு நிக்காத. கால் இருக்கில்ல, ஏறு."

அன்று அப்பா படியில் ஏறினார். ஆறரை நிமிடம். தட்டு பாதி காலியாகத் திரும்பியது. வெள்ளிக்கிழமை மீன்முள் மட்டும். எப்படி இருந்தது என்று அப்பா கேட்கவில்லை. முள்கரண்டியை மட்டும் நேராக்கினார். சனிக்கிழமை ஆர்டரே வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்றோ என்று அப்பாவுக்கு நாள் முழுக்க ஒரே யோசனை. சீட்டு ஞாபகம் அன்று வரவே இல்லை என்று பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு மதியம் ஆர்டர் வந்தது. அறுநூற்றுப் பதினான்கு. மீன் ஒன்று, சூப் ஒன்று. ஒன்றல்ல, இரண்டு தட்டு. அப்பா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். வயது ஐம்பத்தொன்று.

சன்னலோரம் தலையணை அண்டக்கொடுத்து ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சூப். அப்பா மீனின் மூடியைத் தூக்கினார். ஆவி குப்பென்று கிளம்பவில்லை. வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. பார்க்க ஒன்றுமே இல்லை. அந்த மனிதர் சூப்பைத் தொடாமல், கையை நீட்டி மனைவியின் தட்டிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்று சத்தம் கதவுவரை கேட்டது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றார் அந்த அம்மாள்.

"ஒண்ணுதானே."

"ஒண்ணு, ஒண்ணுன்னுதான் ஆரம்பிக்கும்."

அப்பா குனிந்து முள்கரண்டியை நேராக்கினார்.

"அது நேராத்தான் இருக்கு" என்றார் அந்த மனிதர். "நிமிருங்க."

அப்பா நிமிர்ந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கொடுக்கிற கையைப் பார்த்தார். அந்த அம்மாளின் ஒரு கையில் பணம், மறு கையில் சீட்டு. முகம் ஒன்றும் சுருங்கவில்லை. அப்பா சீட்டைத்தான் முதலில் வாங்கினார். படிக்கவில்லை. படிக்கக் கூடாது என்பது விதி. கீழே கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்தார்.

மேனேஜர் வாய்விட்டுப் படித்தார். "முதல் நான்கு நாள் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு வந்தது நன்றாக இருந்தது. ஏன் என்று கொண்டுவந்தவரைக் கேட்கவும்." கண்ணாடியைக் கழற்றினார். "இது புகாரா, பாராட்டா? எந்த ஃபைல்ல வைக்கிறது?"

"பாதிப் பாதி சார்."

"சரி, கேட்கவும்னு எழுதியிருக்கே. கேக்கிறேன். ஏன்?"

அப்பா சொன்னார். துணியிலிருந்து ஆரம்பித்தார். முந்தைய இரண்டு சீட்டும் நியாயம்தான் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கடைசியில் மூடியை மேசைமேல் வைத்தார். மேனேஜர் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"ஓட்டல் சொத்துல ஓட்டை போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"மொத்தம் எத்தனை மூடி இருக்கு?"

"நாப்பது."

மேனேஜர் சீட்டை எந்த ஃபைலிலும் வைக்கவில்லை. மேசை இழுப்பறைக்குள் போட்டார். போனை எடுத்து, மராமத்துப் பிரிவில் துரப்பணம் இருக்கிறதா என்று கேட்டார்.

அப்பா மேல்மாடிகளிலேயே இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். பட்டப்பெயர் மாறவில்லை. இடி மட்டும் அவரை ஓட்டை மூடி என்று கூப்பிட்டார். முள்கரண்டிக்குக் குனிவதை அப்பா விட்டுவிட்டார். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நிமிர்ந்து நின்று, "எப்படி இருக்குன்னு நாளைக்குச் சொல்லுங்க" என்பார். சிலர் சொன்னார்கள். ஓய்வு பெற்ற அன்று ஓட்டலில் அவருக்குக் கடிகாரம் கொடுக்க வந்தார்கள். அவர் அந்த முதல் மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேற்று மகள் வேலையிலிருந்து வந்தபோது, அம்மா முக்காலி போட்டு ஏறி அலமாரியின் மேல்தட்டைத் துழாவிக்கொண்டிருந்தாள். கடாயில் உருளைக்கிழங்கு.

"என்ன பாக்கிற? முக்காலியைப் பிடி" என்றாள்.

தட்டைச் சூடாக்கி, வறுவலை வைத்து, மூடியைக் கவிழ்த்தாள். ஆறு துளையிலும் ஆவி வந்தது. ஐந்து நேராக, ஒன்று சற்றுச் சாய்ந்து. இரண்டு பேரும் ஒன்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள். முறுமுறுவென்றே இருந்தது.