ஸ்டெல்லா ஏற்றுக்கொண்ட தவறு

கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது அலுவலகக் குழுவில் வாட்ஸ்அப் செய்தி வந்தது: ஸ்டெல்லா இறந்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் அழவும் இடமில்லை. திருவொற்றியூரில் இறங்கி, வழக்கம்போல் அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவளை அறிந்தவர்களுக்கு அவள் வேலையும் தெரியும். காற்றை அளக்கும் பெட்டிகளிலிருந்து வரும் எண்களை வைத்து, வாயுக் கசிவா இல்லையா என்று கணினி தீர்மானிக்கும். கசிவென்றால் தெருவிலுள்ளோர் போனுக்கு எச்சரிக்கை போகும். அதற்காக 'சப்போர்ட் வெக்டர் மெஷின்' என்ற முறைக்கான இலவச நிரல் நூலகம் ஒன்றை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பை, அவள்தான் தேர்ந்தெடுத்தாள். கசிந்த நாள்களுக்கும் கசியாத நாள்களுக்கும் நடுவே அது ஒரு கோடு போடும். புரியாமல் விழித்த என்னிடம் சொன்னாள்: "நல்லா நாறுன நாளும் அதுக்கு வாணாம், நல்லா கீற நாளும் வாணாம். டவுட்டா கீற நாளைத்தான் கைல வெச்சிக்கும். என்னை மாதிரிதான்."

அந்த நிரலுக்குக் கொடுக்குமுன் பெரிதும் சிறிதுமான எண்களையெல்லாம் ஒரே வரம்புக்குள் சுருக்க வேண்டும். பழைய எண்களைச் சுருக்கிய அதே அளவில்தான் புதியவற்றையும் சுருக்க வேண்டும். அந்த அளவுகள் ஒரு சிறு கோப்பில் இருக்கும். ஒரு தடவை நான் அந்தக் கோப்பைச் சேர்க்க மறந்தேன். பழைய அளவு இல்லாததால், புது எண்களைப் புது எண்களோடேயே ஒப்பிட்டுக்கொண்டது கணினி. மூன்று நாள் காற்று கெட்டுக்கிடந்தும் அதற்கு எல்லாம் சாதாரணமாகத் தெரிந்தது. எச்சரிக்கை போகவில்லை.

நான்காம் நாள் ஸ்டெல்லாவின் தெருக்காரர்களே வந்து நின்றார்கள். "இன்னா ஸ்டெல்லா, உன் மிஷினுக்கு மூக்கு அடைச்சிகிச்சா? புள்ளைங்க இருமிகினு கீதுங்க" என்றார் ஒருவர். நான் வாய் திறப்பதற்குள், "தப்பு என்னுதுதான் அண்ணே" என்றுவிட்டாள். அவர்கள் போனபின் என் பக்கம் திரும்பினாள். "உன் காண்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது. சும்மா இரு. என்னை இன்னா பண்ணிடுவாங்க?"

என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தேன். தெருவில் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். குழாயடிக்கு அவள் வந்தால் நகர்ந்துகொண்டார்கள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் என்மேல் சலித்துப்போனது. என் காண்ட்ராக்ட் நீண்டது, நான் சும்மாவே இருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது பின்னாலிருந்து ஸ்டெல்லாவைக் குறித்து ஒரு குரல்: "மிஷினை ஊமையாக்குனது இந்தம்மாதான்." அங்கும் பேசாமல் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்ல அந்தத் தெருவுக்குப் போகிறேன். அதற்குமுன் அவளை அறிந்த உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கோப்பைச் சேர்க்காதவள் நான். அவள் நினைவாக என்னிடம் ஒரு படம்கூட இல்லை. இத்தனை நாள் அவள் வைத்திருந்த என் தவறை இனி நானே வைத்துக்கொள்கிறேன்.