மச்சானின் சப்பாத்தில் மால்டாவைச் சுற்றியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மால்டா தீவைச் சுற்றியபோது என் காலில் இருந்த சப்பாத்து என்னுடையது அல்ல. நாற்பத்து நான்கு வயதாகியும் எனக்கென்று ஒரு ஜோடி கிடையாது. மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் அதற்கு அவசியம் வந்ததில்லை.

அது என் மனைவியின் அண்ணன் சிதம்பரம் மச்சானுடையது. மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக அவர் வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். மெர்டேகா அன்று, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த நாளில், போடுவதற்காக வாங்கிய கறுப்புத் தோல், எட்டாம் நம்பர். மறு வருஷம் எனக்குக் கப்பலில் சமையல் கையாள் வேலை கிடைத்ததும் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "ஜாகா, ஜாகா" என்றார். பார்த்துக்கொள் என்று அர்த்தம். என்னையா சப்பாத்தையா என்று நான் கேட்கவில்லை. அவர் பார்வை கீழேதான் இருந்தது.

சூயஸ் தாண்டியதும் கொதிகலன் பழுது. மால்டாவில் மூன்று நாள் நின்றோம். இரண்டு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கரையைப் பார்த்தேன். உட்கார்ந்த இடம் சுட்டது. மூன்றாம் நாள் லீவு. கப்பல் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தில் நூல் வைத்து அளந்தேன். தீவின் நீளம் பதினேழு மைல், அகலம் ஒன்பது. மலாக்காவிலிருந்து அலோர் காஜா போய் இன்னும் கொஞ்சம் நடந்தால் நாடே தீர்ந்துவிடும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, ஆனாலும் நூலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

தலைமைச் சமையல்காரர் காதர் பாய், நாகப்பட்டினத்துக்காரர். ஜாமீன் நின்று எனக்கு வேலை வாங்கித் தந்தவர்.

"அஞ்சு மணிக்குக் கப்பல் கெளம்பிரும். நீ இல்லேன்னா ஒன் பொட்டியக் கரையில வச்சிட்டு எடுத்துருவான். ஜாமீன் நின்ன எனக்கும் வேலை போயிரும். கடியாரம் இருக்கா?"

"எல்லாக் கோயில்லயும் பெரிசா மாட்டியிருக்கான் பாய்."

"அப்பச் சரி. எங்கயாவது தொலை. நேரத்துக்கு வந்து தொலை."

கப்பல் நின்ற ஊர் தலைநகர் வல்லெட்டா; அதன் கோட்டை வாசலுக்கு வெளியே பஸ் நிலையம். ஒவ்வொரு வழிக்கும் பஸ்ஸுக்கு ஒரு நிறம்; என்னைப் போல எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் தப்பாமல் ஏறலாம். எட்டு மணிக்கு ஏறி, ஒன்பதுக்கு வடக்குக் கோடியில் மெல்லியாவில் இறங்கினேன். பதின்மூன்று மைல், ஆறு பென்ஸ். கடல் அழகாகத்தான் இருந்தது. அரை மணிக்கு மேல் நிற்க முடியவில்லை. மணல் என்றால் எங்கள் ஊரிலும் மணல்தானே. அடுத்த பஸ்ஸைப் பிடித்து உள்நாட்டில் ஒரு கிராமத்தில் இறங்கினேன். பெயர் என் வாயில் நிற்கவில்லை. ரொட்டியில் எண்ணெய் தடவி, தக்காளி தேய்த்துக் கொடுத்தார்கள். நன்றாகவே பசியாறினேன்.

எதிரே பெரிய மாதா கோவில். கோவில் என்றால் வாசலிலேயே கழற்றிவிடுவது கால் தானாகச் செய்கிற வேலை. குனிந்து இழுத்ததில் வலது சப்பாத்தின் கயிறு அறுந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜோடியை வாசலுக்கு இடது பக்கம் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனேன். மெழுகுவத்தி வாசம், குளிர்ந்த பெஞ்சு. கண் அசந்துவிட்டது.

விழித்து வெளியே வந்து கோபுரத்தைப் பார்த்தால் கடிகாரத்தில் நாலு இருபது. வானம் மூடியிருந்ததால் வெயிலைக் கேட்கவும் வழியில்லை. சதுக்கத்தின் மூலையில் வல்லெட்டா பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஓடினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் காலில் குளிர் தெரிந்தது. அப்போதும் திரும்பத் தோன்றவில்லை. கண்ணில் நின்றது கரையில் கிடக்கும் என் பெட்டியும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் காதர் பாயும்தான்.

வல்லெட்டாவில் இறங்கும்போது டிரைவரிடம் கேட்டேன். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஒரே உயரம்.

"ஐந்து ஆகிவிட்டதா?"

அவர் கையைத் திருப்பிக் காட்டினார். ஒன்றரை.

"கோவில் கடிகாரத்தில் நாலு இருபது பார்த்தேனே."

"எந்தக் கோபுரம்?"

"இடது."

"அது பெயின்ட். நமக்கு உள்ளது வலது. இடது சாத்தானுக்கு. பூசை எத்தனை மணிக்கு என்று தெரியாமல் அவன் குழம்ப வேண்டும்." என் காலைப் பார்த்தார். "பல வருஷமாக ஓட்டுகிறேன். அதை நம்பி ஓடிவந்த முதல் ஆள் நீங்கள்தான்."

அந்தக் கிராமத்துக்கு அடுத்த பஸ் மூன்று மணிக்கு. போய்த் திரும்பினால் ஐந்தரை. விட்டுவிட்டேன். மூன்றரை மணி நேரம் முன்னதாகக் கப்பலேறினேன்.

"என்னய்யா, தீவு அவ்வளவுதானா?" என்றார் காதர் பாய். காலைப் பார்த்தார். வெங்காயக் கூடையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

போகிறவர்களுக்கு: தூரமான ஊருக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கிராமத்தில் இறங்கியதும் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கோபுரத்தையும் பாருங்கள். அங்கே சப்பாத்தோடு உள்ளே போனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என்னைப் போல ஓடாமல் இருந்தால் ஒரு நாளில் பாதித் தீவாவது கண்ணில் தங்கும்.

நாலு மாதம் கழித்து வீடு வந்தேன். சிதம்பரம் மச்சான் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்தார். பிறகு கீழே பார்த்து, "மானா?" என்றார், எங்கே என்று. மால்டாவில் மாதா கோவில் வாசலில், இடது பக்கம் இருக்கிறது என்றேன். சட்டைப் பையிலிருந்த கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.