அம்மா நேர்ந்துகொண்ட முடி

திருப்பூரில் ஓர் ஆணுக்கு முடி கொட்டத் தொடங்கினால் முதல் பழி தண்ணீர் மேல் விழும். போர்வெல் தண்ணீரின் உப்பைச் சொல்வார்கள், சாயக் கழிவைச் சொல்வார்கள். தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், ஊரில் இருந்தவரை தலை நிறைய முடி இருந்தது என்று சத்தியம் செய்வார்கள். என் தம்பி இந்தப் பேச்சை நம்பி, குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரில் தலைக்குக் குளித்தான்.

“சோத்துக்கு உலை வெக்க உப்புத் தண்ணி, இவன் மண்டைக்கு நல்ல தண்ணி” என்று அம்மா என்னிடம் முறையிட்டாள்.

அப்போது அவனுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பனியன் துணி ஓட்டும் ஒரு நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். நெற்றியின் இரண்டு பக்கமும் முடி பின்வாங்கி, உச்சியில் ஒரு வட்டம் தெளிந்துகொண்டிருந்தது. யூனிட்டுக்குள் எல்லோரும் தொப்பி போட வேண்டும் என்பது அவனுக்குப் பெரிய வசதி. வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டான்.

அதுவரை வந்த ஜாதகங்களை எல்லாம் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிக்கொண்டிருந்தவன், சோமனூர்ப் பக்கம் இருந்து வந்த ஒரு ஜாதகத்தின் படத்தை மட்டும் கீழே வைக்கவில்லை. அவளை அவனுக்குத் தெரியும். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டருக்குத் துணி பார்த்து எடுக்கும் மெர்ச்சன்டைசர். அவனுடைய யூனிட்டுக்குத் துணி பார்க்க வந்து, அவன் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ரோலை விளக்கு மேஜையில் ஓடவிட்டு, ஓட்டை விழுந்த இரண்டு இடத்தில் விரல் வைத்து, திருப்பி அனுப்பியவள்.

“கோவம் வரலையா?” என்று கேட்டேன்.

“அவங்க சொன்னது சரிங்கக்கா. எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

பெண் வீட்டில் மூத்தவளுக்கு முதலில் முடிக்க வேண்டும், அடுத்த தையில் பேசலாம் என்றார்கள். அம்மாவுக்கு வருத்தம். தம்பிக்கு அது வரமாக இருந்தது. முடி வளர்க்க ஒரு வருஷம் கிடைத்துவிட்டது. அவள் அவனைத் தொப்பி இல்லாமல் பார்த்ததில்லை. தொப்பி இல்லாமல் பார்த்தால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்பதுதான் அவனுடைய ஒரே பயம்.

காங்கேயத்தில் சித்தப்பாவுக்கு எண்ணெய் ஆலை. அங்கிருந்து வந்த தேங்காய் எண்ணெயில் அம்மா கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சினாள். தலையணை உறைகள் பச்சையாயின. அடுத்து சின்ன வெங்காயச் சாறு. அதைத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனாலும் வாடை போகாது. “சூப்பர்வைசர் வர்றாரு, ஆம்லெட்டு ரெடியா?” என்று மெஷின் ஓட்டுகிறவர்கள் கேட்டார்களாம். பிறகு யாரோ சொல்லி பயோட்டின் மாத்திரை, தலையில் உருட்ட ஊசி முள் வைத்த உருளை.

பத்திரிகை மேஜையில் நான் பல வருஷம் உட்கார்ந்தவள். கூந்தல் தைல விளம்பரங்கள் என் பக்கங்களில்தான் வந்து விழும். ‘முன்’ படத்தில் விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கும், ஆள் குனிந்திருப்பான். ‘பின்’ படத்தில் வெளிச்சம் பக்கத்திலிருந்து வரும், மோவாய் நிமிர்ந்திருக்கும். தம்பியிடம் இதைச் சொல்லி, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் மாதா மாதம் படம் எடுக்கச் சொன்னேன். மூன்று மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எண்ணெயால் முடி மினுமினுத்தது தெரிந்தது. வட்டம் சிறிதாகவில்லை.

தோல் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அந்த டாக்டரம்மா அவன் தலையைக் குனிய வைத்துப் பார்த்துவிட்டு, “தாய்மாமாவுக்கு எப்படிங்க?” என்றார்.

“சுத்தமா இல்லீங்க. ஆனா எங்க ஊர்த் தண்ணிங்க...”

“அதே தண்ணியிலதான உங்கக்கா குளிக்கறாங்க? உப்புத் தண்ணில முடி வறண்டு ஒடையும். இப்படி நெத்தியும் உச்சியுமாப் பாத்து எடுத்துட்டுப் போகாது. இது பரம்பரைங்க.”

எண்ணெய் போடலாம், தப்பில்லை, ஆனால் அதனால் முடி முளைக்காது என்றார். உடம்பில் குறைபாடு இல்லாதவருக்கு பயோட்டின் தேவையில்லை. வேலை செய்யும் என்று நிரூபணமான மருந்துகள் குறைவு. அவற்றில் இரண்டை எழுதினார். தலையில் போடும் மினாக்ஸிடில், வாய் வழியாக ஃபினாஸ்டரைடு.

“வளக்கறதை விட இருக்கறதைக் காப்பாத்தறதுதான் முதல் வேலை. உச்சியில கொஞ்சம் வரும். நெத்தியில பெருசா எதிர்பாக்காதீங்க. நிறுத்தினா வந்ததும் போயிரும். மாத்திரைல சில பேருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், மனசு சோர்ந்து போகும். அப்படி ஏதாவதுன்னா வெக்கப்படாம வந்து சொல்லுங்க.”

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

சில வாரம் கழித்துத் தொப்பிக்குள் கொத்தாக முடி உதிர்ந்தது. அவன் அன்றே மருந்தை நிறுத்திவிட்டான். நூல் அறுந்தால் நிட்டிங் மெஷின் சிவப்பு விளக்கு போட்டுத் தானே நின்றுவிடும். ஓட்டை விழுந்த துணியை மேலும் ஓட்டுகிறவன் சூப்பர்வைசர் அல்ல. பல வருஷப் பழக்கம் கையை அப்படி நிறுத்திவிட்டது. டாக்டர் திட்டினார். ஆரம்பத்தில் பழைய முடி கொட்டி வழிவிடுவது உண்டு, அங்கே நிறுத்தியது தப்பு என்றார். மறுபடி தொடங்கினான்.

ஐப்பசி வாக்கில் படங்களில் வித்தியாசம் தெரிந்தது. உச்சி வட்டத்தில் தோல் தெரிவது குறைந்து, முடி மூடியிருந்தது. நெற்றி ஏறின இடத்திலேயே நின்றது. மருந்து செய்தது இவ்வளவுதான், ஆனால் இவ்வளவு செய்தது. தம்பி வீட்டில் தொப்பியைக் கழற்றினான்.

அம்மா அவன் தலையைத் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தை பிறக்கிறதுக்குள்ள பழனிக்குப் போகோணும் என்றாள்.

“எதுக்குங்கம்மா?”

“முடி எறக்கோணும் சாமி. எம்பையனுக்கு முடி வளந்தா அந்த முடியை உனக்கே தாரேன்னு முருகங்கிட்ட நேந்திருக்கறேன்.”

தம்பி என்னைப் பார்த்தான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“ஏனுங்கம்மா, முடி வேணும்னு வேண்டிட்டு அந்த முடியையேவா தாரேன்னு சொல்லுவாங்க?”

“பின்ன வேற என்னத்தைக் குடுக்கறது? குடுத்ததுலதான குடுக்க முடியும்?”

“அது மருந்துல வந்ததுங்கம்மா!”

“அந்த மருந்தை நீதான் நிறுத்திப் போட்டயே. மறுபடி போடச் சொல்லி யாரு புத்தி சொன்னா?”

“டாக்டரு.”

“அந்த டாக்டரம்மாளுக்கு?”

தை பிறந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். நேர்த்திக்கடனைப் பாக்கி வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சு எடுக்க அம்மா சம்மதிக்கவே மாட்டாள். நான் டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் வெகுநேரம் சிரித்தார். மழிப்பதால் வேருக்கு ஒன்றும் ஆகாது, அதே முடிதான் திரும்ப வரும், மருந்தை மட்டும் விடக் கூடாது என்றார். திரும்ப வரும் என்பது தம்பிக்கு ஆறுதலாக இல்லை. தைக்குள் வராது என்பதுதான் அவன் கணக்கு.

ஆனாலும் போனான். அம்மாவை அழ வைத்துவிட்டு முடியோடு பெண் வீட்டில் போய் உட்கார அவனால் முடியாது. மழித்தவர் ஈரக் கையால் தலையைத் தேய்த்துவிட்டு, “உச்சியில நல்ல முடிங்க, முன்னாடிதான் எனக்கு வேலை மிச்சம்” என்றார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அம்மா மலை இருந்த திசை பார்த்துக் கும்பிட்டாள்.

பெண் வீட்டுக்குப் போனபோது அடுத்த தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பியின் தலையில் சில நாள் முந்தைய மொட்டையின் சொரசொரப்பு. பெண்ணின் அப்பா நாற்காலியைக் காட்டி, “பழனிங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“நல்லதுங்க.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டில் ஒருவரும் அவன் தலையைப் பற்றி நினைக்கவில்லை. முடி இல்லாததற்கு யாரும் காரணம் கேட்காத ஒரே தலை, முருகன் பேர் சொல்லி மழித்த தலைதான். அவன் ஒரு வருஷமாக மறைத்துக்கொண்டு அலைந்ததை அம்மாவின் நேர்த்தி ஒரே வார்த்தையில் மூடிவிட்டது. காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவன் பெண்ணிடம் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றான். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி பக்கம் அவர்கள் நிற்க, துணைக்கு என்று நானும் நின்றேன்.

“இது வளந்தா முழுசா வராதுங்க” என்று தலையைத் தொட்டுக் காட்டினான். “முன்னாடி ஏறியிருக்கும். உச்சியிலயும் மருந்து போட்டுத்தான் நிக்குது. மாத்திரையும் சாப்பிடறேன். விட்டாப் போயிரும். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு நீங்க சங்கடப்படக் கூடாதுங்க.”

அவள் அவன் தலையை நெற்றியிலிருந்து உச்சிவரை நிதானமாகப் பார்த்தாள். அன்று அவனுடைய ரோலையும் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

“மாத்திரைல தொந்தரவு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“எனக்கு இதுவரைக்கும் இல்லீங்க.”

“கொழந்தை கிழந்தைன்னு வந்தா?”

தம்பியின் காது மடல் சிவந்தது. மொட்டைத் தலையில் அது நன்றாகவே தெரிந்தது.

“அது... அதைக் கேக்கலீங்க. டாக்டரைக் கேட்டுத்தான் சொல்லோணும்.”

“நீங்க கேட்டா பாதிதான் கேப்பீங்க. எப்பப் போறீங்கன்னு சொல்லுங்க, நானும் வாரேன்.”

கார் கிளம்பியதும் அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பினாள். “என்ன சொல்லுச்சு புள்ள?”

“டாக்டரு கிட்ட வாராங்களாம்” என்றான் தம்பி.

“அய்யோ, ஒடம்புக்கு என்ன?”

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அம்மாவுக்கு விளக்கிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவிநாசி தாண்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.