கண்ணாடி வீட்டிலிருந்து வந்த பிள்ளை

இது நடந்ததுதான். நம்பாதவர்கள் பதுளை பஸாரில் றஹீமின் சப்பாத்துக் கடையைத் தேடிப் போகலாம். சப்பாத்து வாங்கலாம், பேரம் பேசலாம். மகளைப் பற்றி மட்டும் வாய் திறக்க வேண்டாம்.

போன டிசம்பர் விடுமுறையில் றஹீம் தன் மனைவி றுமைஸாவையும் ஆறு வயது மகள் பஹ்மாவையும் மலேசியாவுக்குக் கூட்டிப்போனார். மூவருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. ஒரு நாள் முழுக்கத் தீம் பார்க்கில் கழிந்தது. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, ஐஸ்கிரீம்... பஹ்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. பொழுது சாயும் நேரம், சுவரெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த கண்ணாடி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"மஃரிபு நேரம். புள்ளய உள்ள விட வாணாம்," என்றாள் றுமைஸா. ஊரில் அந்த நேரத்தில் அவள் பிள்ளையை முற்றத்துக்குக்கூட விடமாட்டாள்.

"இது என்ன பதுளையா? ரெண்டு நிமிசத்துல வந்துருவா," என்று றஹீம் சிரித்தார். பஹ்மா ஓடிவிட்டாள்.

இரண்டு நிமிடம் பத்து நிமிடமானது. உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது... மணி 7.20.

"பஹ்மா!"

பிள்ளை வெளியே வந்தது. அதே சட்டை. அதே சிரிப்பு. கை மட்டும் சில்லிட்டிருந்தது.

அன்றிரவு ஹோட்டலில் அவள் இடது கையால் சோறு அள்ளினாள்.

"சோத்துக் கையால தின்னுங்க, மகள்."

"இதுதானே உம்மா சோத்துக் கை?"

இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. றுமைஸா விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. போனிலிருந்த பழைய படங்களை றஹீமிடம் காட்டினாள்.

"செல்ஃபியில எல்லாம் மாறித்தான் விழும். போய்ப் படு."

ஊருக்கு வந்த மூன்றாம் நாள். பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு கேட்டது. அல்மாரிக் கண்ணாடி முன்னால் பிள்ளையை நிறுத்தி றுமைஸா தலை வாரிக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரித்தது.

கண்ணாடிக்குள் நின்றவள் சிரிக்கவில்லை. அழுதாள்.

டக்... டக்... உள்ளேயிருந்து தட்டினாள். உதடு அசைந்தது. 'உம்மா...'

அதற்குப் பிறகு தினமும் மஃரிபுக்கு றுமைஸா அந்தக் கண்ணாடி முன்னால்தான் கிடந்தாள். அவள் உள்ளங்கையை வைத்தால் உள்ளேயிருந்து சின்னக் கை ஒன்று வந்து ஒட்டும். றஹீமின் கண்ணுக்கோ வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. மனைவிக்குப் பைத்தியம் முற்றுகிறது என்றே பயந்தார். யாரிடம் போய்ச் சொல்வது? காணாமல் போன பிள்ளை என்றால் தேடலாம். இங்கே பிள்ளைதான் பக்கத்திலேயே நிற்கிறதே.

ஒருநாள் அவர் சுத்தியலை எடுத்தார்.

"வாணாம்! புள்ள உள்ள ஈக்கிறா!"

சிலீர்...

கண்ணாடி உடைந்த சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டதாம் றுமைஸாவுக்கு. அது என்ன சத்தம் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. பிள்ளை கை தட்டியது.

அடுத்த மாதம் பிள்ளைக்கு இருமல். றஹீம்தான் டொக்டர் விஜிதாவிடம் தூக்கிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்து டொக்டர். நெஞ்சில் குழாயை வைத்தவர் முகம் சுளித்தார். மறுபக்கம் வைத்தார்.

"பிள்ளைக்கு இருதயம் வலப்பக்கம் இருக்கு. சிலருக்குப் பிறப்பிலேயே அப்பிடித்தான், பயப்பிடாதேங்கோ. இதுக்கு முதல் ஒருத்தரும் சொல்லேல்லையா?"

றஹீம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பஹ்மாவுக்கு மூச்சு இழுத்த இரவுகளில் அவர்தான் அவள் நெஞ்சில் காது வைத்துப் படுப்பார். இடது பக்கத்தில்.

வரும் வழியில் பெரிய கண்ணாடி ஒன்று வாங்கினார். முன்னறையில் மாட்டினார். மஃரிபுக்குக் காத்திருந்தார். மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளையை நடுவில் நிறுத்தினார்.

வாங்கு கேட்டது.

கண்ணாடியில் றஹீம் நின்றார். றுமைஸா நின்றாள்.

நடுவில்... யாருமில்லை.

"உம்மா, பசிக்குது."

கண்ணாடிக்குள் றுமைஸாவின் முந்தானை தானாக இழுபட்டது.

அவள் போய்ச் சோறு போட்டாள். வேறென்ன செய்வாள்?